புதுப்பிப்பு: என் மாடல் ரயில் லேஅவுட்டில் லெவல் கிராசிங் விளக்குகள் எரிகின்றன

அமெரிக்கக் கிளைப்பாதை ஒன்றை 1:87 அளவில் அமைக்கிறேன், அதன் லெவல் கிராசிங்குக்கு ரயிலை எப்படி உணரச் செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். தண்டவாள மின்னோட்டத்தை வைத்து உணரலாம் என்றே பலரும் சொன்னீர்கள். ஆனால் என்னிடம் உள்ள சரக்குப் பெட்டிகள் மின்சாரமே எடுப்பதில்லை. அவற்றையும் உணர ஒவ்வொரு பெட்டியின் அச்சிலும் ரெசிஸ்டர் (மின்தடை) ஒட்ட வேண்டியிருக்கும். அதனால் அகச்சிவப்பு சென்சார்களையே வைத்தேன்.

சாலைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, சாலையருகே ஒன்று. ஒளிக்கற்றை தண்டவாளத்தை நேராக வெட்டினால் இரு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ரயில் போய்விட்டதாக அர்டுயினோ (இதையெல்லாம் இயக்கும் சிறு கணினிப் பலகை) நினைத்துக்கொள்ளும். கற்றையைச் சாய்வாக விட்டதும் அது சரியாகிவிட்டது. கூடவே ஒன்றிரண்டு நொடி தாமதமும் வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் நிஜ ரயில் வர குறைந்தது 20 நொடிக்கு முன் எச்சரிக்கை தொடங்க வேண்டும். மணிக்கு 64 கிலோமீட்டர் என்றால் இந்த அளவில் நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். அப்படியானால் சென்சார் 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்! மேசையில் அவ்வளவு இடமில்லை. 6 நொடிக்கு 1.2 மீட்டர் போதும் என்று வைத்தேன். பார்க்க இயல்பாகவே இருக்கிறது.

விளக்குகள் நிமிடத்துக்கு 50 முறை மாறி மாறி மின்னுகின்றன. பழைய பல்புபோல் மெல்ல மங்கும்படி எழுதியிருக்கிறேன், அந்த அழகே தனி. 3 நொடி கழித்து சர்வோ மோட்டார் கேட்டை இறக்கும். அடுத்தது மணியோசை.