குருதிப் புற்றுநோய்க்கும் புதுக் குருதிக்குழாய் வேண்டுமா?

நிலா_வெள்ளவத்தை:
வணக்கம். கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பம் படிக்கிறோம். கட்டி 1–2 மில்லிமீற்றரைத் தாண்டி வளரக் குருதிக்குழாய் வேண்டும் என்று 1971இல் அமெரிக்க அறுவைமருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னது விளங்குகிறது. லுகேமியா என்ற குருதிப் புற்றுநோயின் கலங்கள் குருதியிலேயே மிதக்கின்றனவே, அவற்றுக்கு ஏன்? ஸ்லைடில் குழாய்களை எப்படி எண்ணுவது?

மச்சை:
மிதப்பது பிறகுதான். பெருகுவது என்பு மச்சைக்குள், எலும்புக்கு நடுவே, விரிய இடமில்லாத ஒடுக்கத்தில். நெரிசலில் ஒட்சிசன் குறைய, கலங்கள் விஈஜிஎஃப் (குருதிக்குழாய் வளரத் தூண்டும் புரதம்) சுரக்கும். பக்கத்துக் குழாய்கள் கிளைவிடும். மயிலோமாவில் (மச்சையின் பிளாஸ்மாக் கலப் புற்றுநோயில்) இது ஒரு வட்டம்: மயிலோமாக் கலத்தின் விஈஜிஎஃப் பட்டதும் மச்சையைத் தாங்கும் ஸ்ட்ரோமாக் கலங்கள் ஐஎல்-6 என்ற வளர்ச்சித் தூண்டியைச் சுரக்கும், அதில் மயிலோமா பெருகும், இன்னும் விஈஜிஎஃப் வரும். சில லுகேமியாக் கலங்களில் விஈஜிஎஃப் ஏற்பியும் உண்டு. தாம் சுரந்ததில் தாமே வளரும்.

கண்ணாடித்தட்டு:
தங்கச்சி, எண்ணிக்கை பிழைப்பது பெரும்பாலும் சாயத்துக்கு முன்னரே. ட்ரெஃபைன் துண்டு (ஊசியால் எடுத்த என்பு மச்சைத் துண்டு) 2 சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. ஃபோமலினில் பதப்படுத்தியபின் சுண்ணாம்பை மெல்லக் கரைக்கும் ஈடிடிஏயில் போட்டு எலும்பின் சுண்ணாம்பை நீக்குங்கள். நாள் கூட எடுக்கும், பொறுங்கள். வன்னமிலத்தில் போட்டால் அன்டிஜன் (சாயம் பற்றும் புரதம்) சிதைந்து சாயம் ஏறாது, குழாய் இல்லாததுபோலத் தெரியும்.

குழாய்ச் சுவர்க் கலங்களைக் காட்டும் சிடி34 சாயமிட்டு, முதலில் 100 மடங்கில் முழுத் துண்டையும் பாருங்கள். குழாய் மிக நெருங்கிய மூன்று இடங்களைத் தெரிந்து, 400 மடங்கில் எண்ணிச் சராசரி எடுங்கள். உட்குழி தெரியாவிட்டாலும், தனித்து நிற்கும் கபில நிற அகவணிக் கலத்தை (குழாயின் உட்சுவர்க் கலத்தை) ஒன்றாக எண்ணலாம். எலும்பின் வெளிவிளிம்பை விட்டுவிடுங்கள்.

கடுமையான மயிலொயிட் லுகேமியாவில் கவனம்: பிளாஸ்ட் எனும் முதிராத புற்றுக்கலங்களும் பலவேளை சிடி34 ஏற்கும். அவை உருண்டை, அகவணிக் கலம் மெலிந்து நீண்டு, கீறிய கோடுபோல் கிடக்கும். சந்தேகமென்றால் அடுத்த வெட்டில் அகவணிக் கலத்தைக் காட்டும் வொன் வில்லிபிரான்ட் காரணிச் சாயம் போடுங்கள். குருதிச் சிறுதட்டுகளை உருவாக்கும் மெகாகரியோசைட்டும் இதில் நிறமேறும், ஆனால் அதன் பருமனே காட்டிக்கொடுக்கும்.

நிலா_வெள்ளவத்தை:
மிக்க நன்றி. அப்படியானால் மயிலோமாவுக்குக் கொடுக்கும் தலிடமைட் மருந்து வேலைசெய்வது குழாயைத் தடுத்தா?

மச்சை:
அந்த எண்ணத்தில்தான் மயிலோமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; 1999இல் பலன் வெளியானது. ஆனால் 2010இல் அது பிடிக்கும் புரதம் செரெப்லொன் என்று தெரிந்தது. மயிலோமா உயிர்வாழத் தேவையான இகாரொஸ், அயொலொஸ் புரதங்களை அதன்வழி அழிக்கிறது. குழாய் குறைவது பக்கப் பலன் என்றே கொள்வேன்.

தலிடமைட்டோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் சேர்ந்தால் நாளத்தில் குருதி உறையும் ஆபத்து ஏறும். அதனால்தான் அஸ்பிரினோ ஹெபரினோ கூடவே எழுதுகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.