கோடையில் மேட்டுப்பாத்தி: யார் யார் போட்டீர்கள், என்ன ஆயிற்று?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வீட்டுப் பின்புறத்தில் தரைக்கு மேலே மண்ணை உயர்த்தி மூன்று மேட்டுப்பாத்தி போட்டு இது மூன்றாவது கோடை. முதல் கோடையில் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வரும் மாசியில் கல்லும் மண்ணும் வாங்கக் கிளம்புகிற யாருக்காவது கொஞ்சம் காசு மிச்சமாகட்டும்.

எங்களுடையது பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் கேரளம் என்றதும் கண்ணில் வரும் பச்சை இங்கே இருக்காது. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கரிசல் பூமி. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். பங்குனியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கணவாய்க் காற்று கார்த்திகையில் கிளம்பினால் தை கடந்தும் மண்ணில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

நான் வீடியோ பார்த்துப் பாத்தி போட்டவள். பத்தடி நீளம், நாலடி அகலம், ஹாலோ பிளாக் கல் இரண்டு வரிசை. நாலடி அகலம் சரிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் நின்று கைநீட்டினால் நடுவில் இருக்கும் செடி எட்டும், பாத்திக்குள் காலே வைக்க வேண்டியதில்லை. கல் மட்டும் 120க்கு மேல் போயிற்று. ஓரடி உயரம் நிரப்பினால் ஒரு பாத்திக்கு 40 கன அடி, மூன்றுக்கும் 120. அதில் பாதி செம்மண் என்றாலும் அரை யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). மீதி தொழு உரமும் தென்னைநார்க் கழிவும். வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துவிட்டு, “இந்தக் காசுக்கு ரெண்டு வருஷத்துக்குக் காய் வாங்கலாம்” என்றார். நான் காதில் வாங்கவில்லை.

மாசி பிறந்ததும் வெண்டை, கொத்தவரை, தக்காளி, தண்டுக்கீரை எல்லாம் போட்டேன். நடுப் பாத்தியில் மட்டும், விஷு அன்று விடியலில் பார்க்கும் கணித்தட்டுக்கென்று வெள்ளரி விதை. முளைத்த பத்தாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பானது. வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். பார்த்தால், கடையில் வாங்கிய நார்க்கழிவு அலசாதது, அதில் உப்பு. எங்கள் போர் தண்ணீர் வேறு சவர். இப்போதெல்லாம் நார்க்கழிவை ஊறவைத்து மூன்று தண்ணீர் வடித்த பிறகுதான் பாத்திக்குள் விடுகிறேன். அதற்கு முன் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு நாலு பச்சைப்பயறு முளைக்க வைத்துப் பார்ப்பேன். பயறு ஒழுங்காக வந்தால் மற்றதும் வரும்.

இதைச் சரிசெய்த பிறகும் ஒரு பாத்திக்குக் காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் ஊற்றினேன். மறுநாள் விரலை விட்டால் புழுதி. வேர் குடிக்கிறது என்று பெருமையாகக்கூட நினைத்தேன்! பிறகு ஒரு மூலையைத் தோண்டிப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. கோடையில் கரிசல் மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். அந்த வெடிப்பின் மேலேயே பாத்தியைக் கட்டியிருக்கிறேன். ஊற்றுகிற தண்ணீர் நேராக வெடிப்பு வழியாகக் கீழே போய்விட்டது. கரிசல்காரர்கள் மேட்டுப்பாத்தி போடுவதானால் முதலில் அடிமண்ணை இரண்டு நாள் நனைத்து, கொத்தி, வெடிப்பு மூடிய பிறகு போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேற்கு ஓரக் கல் மாலை நாலு மணிக்குத் தொட்டால் தோசைக்கல். கல்லை ஒட்டி வைத்த செடி ஒன்றும் தேறவில்லை. தக்காளியோ பூத்துப் பூத்துக் கொட்டியது. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் அது காய் பிடிக்கத் தகராறு செய்யும். மாசியில் தக்காளி நட்டது என் தப்பு.

நான் விதை போட்ட அதே வாரம் என் மாமியார் கிணற்றடியில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு நாலு குழி எடுத்தார். “தடம்” என்பார்கள் இங்கே. அடியில் சாணமும் சருகும் போட்டு, குழி பாதி நிரம்ப மண் தள்ளி, என்னிடம் மீந்த அதே வெள்ளரி விதையை ஊன்றினார். கேரளத்தில் நெல் அறுத்த வயலில் கோடை வெள்ளரி போடுவதும் இப்படித்தான், மேடு கட்ட மாட்டார்கள். சித்திரை ஒன்றாம் தேதி கணித்தட்டில் பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது அவருடைய வெள்ளரி. என் மேட்டுக் கொடியில் கட்டைவிரல் அளவில் இரண்டு பிஞ்சு, அதுவும் கசப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் பார்த்த வீடியோக்கள் பனி விழுகிற நாட்டுக்காரர்களுடையவை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர்களுக்கு மண் சீக்கிரம் சூடேற வேண்டும், தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும், அதனால் மண்ணை உயர்த்துகிறார்கள். நமக்கு மாசி, பங்குனியில் இரண்டுமே கேடு.

பாத்தியை நான் கலைக்கவில்லை. கோடை மழை ஒன்று கொட்டினால் கரிசலில் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும், அப்போது மேடு வேண்டும். மேல் வரிசைக் கல்லை எடுத்துவிட்டு எட்டு அங்குலமாகக் குறைத்தேன். மேற்குப் பக்கம் தென்னையோலை சாத்தினேன். மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு. நாலு குடம் இரண்டு குடமாகக் குறைந்தது.

அதோடு விட்டதா என்றால் மயில்! மேட்டு மண் பொலபொலவென்று இருக்கிறதா, நடுப்பகலில் வந்து கீரைப் பாத்திக்குள் படுத்துச் சிறகைப் பரப்பி மண் குளியல் போடுகிறது. தேசியப் பறவையைக் கல்லால் அடிக்கவா முடியும்? மூங்கில் வளைத்து மாமியாரின் பழைய நைலான் புடவையைக் கட்டியிருக்கிறேன். நிழலுக்கு நிழலும் ஆயிற்று.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

நகரியிலிருந்து:

அக்கா, உங்கள் சித்தூர் வேறு, எங்கள் ஆந்திரச் சித்தூர் வேறு, வெயில் மட்டும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் கடப்பாக் கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பாத்தி கட்டினோம். உடைந்த பலகைகள் மலிவாகக் கிடைத்தன என்பதைத் தவிர அந்த யோசனைக்கு வேறு காரணம் இல்லை. கறுப்புக் கல், நகரி வெயில். நீங்கள் தோசைக்கல் என்கிறீர்கள், எங்களுடையது அடுப்பே. கல்லுக்கு வெளிப்பக்கம் இரண்டு கை சுண்ணாம்பு அடித்த பிறகுதான் ஓரச் செடிகள் நிமிர்ந்தன. பத்து ரூபாய்ச் சுண்ணாம்பில் முடிகிற வேலைக்கு ஒரு கோடை வீணாயிற்று.

என்ன போடுவது என்பதைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் கேட்டேன். அவர் வீட்டில் பாத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை, சுவரோரம் கோங்கூரா, அதுதான் நம் புளிச்சகீரை, இடுப்பளவு நிற்கிறது. சித்திரை வெயிலை அது சட்டை செய்வதே இல்லை. தோட்டக்கூரா என்று அவர் தந்த தண்டுக்கீரை விதை 25 நாளில் பறிப்புக்கு வந்தது. கோவைக்காய்க்கு விதைகூட வேண்டாம், ஒரு சாண் தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். வீட்டுக்குத் தினம் ஒரு பிடி காய் வேண்டும் என்கிறவர்கள் கோவையை நம்பலாம். தக்காளியை ஆடிப் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணிவெள்ளரியும் எங்கள் தோசக்காயும் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சளாக, உருண்டையாக இருக்கும், பருப்பில் போடுவோம், ஊறுகாயும் உண்டு. கசப்புக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே எந்த வீட்டிலும் தோசக்காயை நறுக்கியதும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்காமல் பருப்பில் சேர்க்க மாட்டார்கள். கொடி தண்ணீருக்குத் தவித்தால் கசப்பு ஏறும் என்று அந்த அம்மா சொல்வார். உங்கள் மேட்டுக் கொடி தவித்திருக்கிறது.

புளியரையிலிருந்து:

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கணவாய் வாய்க்குள் இருக்கிறோம். இங்கே மேட்டுப்பாத்தி சாரலுக்காகப் போடுவது. ஆனி, ஆடியில் தரைமட்டத்தில் போட்ட கத்தரி அழுகிப்போகும், மேட்டில் போட்டது நிற்கும். கோடைக்கு நான் அதே பாத்தியில் பயறு மட்டும் போடுகிறேன்.

கரைக்கு ஹாலோ பிளாக் எல்லாம் எதற்கு என்று, விழுந்த தென்னைமரத்தை அறுத்து நாலு பக்கமும் உருட்டி வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. எட்டு மாதத்தில் உள்ளே கரையான். காலால் தட்டினால் தவிடு. அடுத்த முறை தேங்காய் மட்டையைப் பாத்தியின் அடியில் அடுக்கினேன், குழிவான பக்கம் மேலே பார்க்க. தென்னைக்கு வட்டப்பாத்தியில் அப்பா செய்வது அதுதான். ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அக்காவின் வெடிப்புக்கும் இது கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன்.

மூடாக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன பங்குனியில் பயறு பறிக்கக் காய்ந்த ஓலையைத் தூக்கினேன், அடியில் ஆறடிச் சாரை சுருண்டு கிடக்கிறது. அதற்கும் குளிர்ச்சி வேண்டுமே. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். யார் முதலில் ஓடினார் என்று கேட்காதீர்கள். சாரைக்கு விஷம் இல்லை, எலியைத் தின்னும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அடுத்த முறை அது சாரையாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? இப்போது முதலில் கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்கிறேன். பிள்ளைகளுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது, சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தட்டிவிட்டு எடுக்கிறார்கள்.

காந்தளூரிலிருந்து:

இடுக்கி மலையில் மறையூருக்கு மேலே இருக்கிறோம். 40 டிகிரி, தோசைக்கல் என்றெல்லாம் படிக்கும்போது சுவெட்டர் போட்டுக்கொண்டு சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும். எங்களுக்கு மலையே படிப்படியாக மேட்டுப்பாத்திதான். பூண்டு, பீன்ஸ், கேரட் எல்லாம் வரும், தண்ணீர் கிடைக்கிற வரைக்கும்.

வீட்டை ஒட்டி அழகாகக் கல் அடுக்கி இரண்டு பாத்தி கட்டி முட்டைகோஸ் போட்டோம். ஒரு ராத்திரி யானை வந்தது. கோஸைத் தின்றதா என்றால் இல்லை, பின்னால் இருந்த வாழைக்குப் போகிற வழியில் பாத்தி இருந்தது, அவ்வளவுதான். கல் ஒன்று இருபதடி தள்ளிக் கிடந்தது. காலடித் தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் இப்போது தானாகவே ஒரு பூசணி முளைத்திருக்கிறது. அக்காவின் மாமியார் சொன்ன தடம் இதுதானோ என்னவோ.

வேலந்தாவளத்திலிருந்து:

அக்கா, பக்கத்து ஊர்தான். என் வெண்டை இலை நரம்பு மஞ்சள் மஞ்சளாக ஆகிறது, காயும் வெளுக்கிறது. என்ன அடிப்பது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தம்பி, அது நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், கோடையில் ஈ அதிகம். வந்த செடிக்கு எதை அடித்தும் பயன் இல்லை, பிடுங்கித் தூரப் போட்டுவிடு. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிடு, வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளி. நட்டநடு வெயிலில் அடித்தால் இலை கருகும். அடுத்த முறை அர்கா அனாமிகா போட்டுப் பார். நோய் தாங்கும் ரகம் என்று வெளியிட்டார்கள், என் பாத்தியில் பத்துக்கு மூன்று செடி மஞ்சளடித்தது, நாட்டு வெண்டையில் ஏழு போயிற்று.

புளியரை அண்ணா, மட்டை யோசனைக்கு நன்றி. நேற்று மூன்றாம் பாத்தியைப் பிரித்து அடியில் அடுக்கிவிட்டேன். மாமியார் வந்து பார்த்து நாலு மட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். நான் கவிழ்த்து வைத்திருந்தேனாம்.

நகரித் தம்பி, அந்தத் தோசக்காய் விதை பத்து அனுப்ப முடியுமா? இந்த முறை மேட்டில் போட மாட்டேன்.

நகரியிலிருந்து:

அனுப்புகிறேன் அக்கா. நாலை உங்கள் மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். கசந்தால் என்னைத் திட்டக் கூடாது.