வயதான ஆக்‌ஷன் ஹீரோ, சின்ன பட்ஜெட்: சண்டை ஏன் எடுபடல?

மண்டபம் ஊர்லேருந்து கேள்வி: அந்தப் பழைய ஆக்‌ஷன் ஹீரோவோட புது த்ரில்லர்ல சண்டையெல்லாம் சவசவன்னு இருக்கே, வயசுதான் காரணமாண்ணே? தனுஷ்கோடியில நாங்க எடுக்கப்போற படத்துக்கும் அறுபதைத் தாண்டின நடிகர்தான்.

பாம்பன்லேருந்து பதில்: வயசு இல்ல தம்பி, கட்டிங், அதாவது ஷாட்டுகளை வெட்டி ஒட்டுற விதம். ஒரு குத்துக்கு நாலு ஷாட், பாதி டூப்போட முதுகு. கை ஓங்குறது, அடி விழுறது, எதிராளி சாயுறது மூணும் ஒரே ஷாட்ல தெரியணும். நடிகருக்கு மூணு அசைவு போதும்; உருள்றது, ஓடுறது டூப்புக்கு. மணல்ல கால் புதையும், சண்டையைத் தார்ரோட்டுல வைங்க.

ராமேஸ்வரத்துலேருந்து பதில்: இருட்டினா தனுஷ்கோடியில நிக்க விடமாட்டாங்க. இரவுக் காட்சியைப் பகல்லயே எடுங்க: வெயில் நடிகருக்குப் பின்னால, எக்ஸ்போஷர் (கேமராவுக்குள்ள போற வெளிச்சம்) 2 ஸ்டாப் கம்மி, அதாவது கால்வாசி; ஒயிட் பேலன்ஸ் (கேமராவோட நிற அமைப்பு) 3200 கெல்வின், அப்பதான் படம் நீலமா இரவு மாதிரி தெரியும். வானம் ஃபிரேமுக்குள்ள வரவே கூடாது. நீங்க சொன்ன த்ரில்லர்ல வானம் பளிச்னு தெரிஞ்சு பயமே போச்சு. கடல்காத்துல வசனம் தெளிவாப் பதிவாகாது, டப்பிங் செலவை இப்பவே ஒதுக்குங்க.