'மீட்டல்': கிட்டாரைச் செப்பனிடுவதா, வாசிப்பதா?

அன்புடையீர்,

1960களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார் ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ரெஸ்டோரேஷன்' என்பதற்கு நான் எழுதியிருந்த 'புதுப்பித்தல்' என்பதை மெய்ப்புப் பார்த்தவர் அடித்துவிட்டார். வேறு சொல் உண்டா?

*

ஐயா, வணக்கம்.

அவர் அடித்தது சரியே. பழைய கிட்டாரில் செய்யக்கூடாத காரியமே புதுப்பிப்பதுதான். அந்தக் கால நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மஞ்சளேறி வெடிப்பு விட்டிருந்தாலும், அதைச் சுரண்டிப் புதுப்பூச்சு அடித்தால் விலை சரிந்துவிடும். நரம்பின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு மின்குறிப்பாக்கும் பிக்கப்பிலும் இதே கதைதான்: தலைமுடியைவிட மெல்லிய 42 கேஜ் செப்புக் கம்பி அறுந்து மல்டிமீட்டர் ஒன்றும் காட்டாமல் கிடந்தால், கைதேர்ந்தவர் உடனே புதுச் சுருள் சுற்ற உட்காரமாட்டார், கம்பியின் வெளிமுனை ஈயப்பற்று வைத்த இடத்தில் அற்றிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்து, ஒரே ஒரு சுற்றை மட்டும் பிரித்து அங்கேயே திரும்பப் பற்றவைத்துவிடுவார். இருந்ததைத் திரும்பப் பெறும் இச்செயலுக்கு, அடகு நகையை மீட்பது போல, 'மீட்டல்' என்பதே பொருந்தும்.

*

நண்பரின் சொல் அழகானது. ஆனால் இசைக்கருவியின் பக்கத்தில் அதை வைக்க முடியாது. மீட்கிறார், மீட்டுகிறார் என வினைமுற்றில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் இரண்டும் தொழிற்பெயரில் 'மீட்டல்' என்று ஒன்றாகிவிடுகின்றன. அத்தியாயத் தலைப்பில் வருவதோ தொழிற்பெயர். 'கிட்டார் மீட்டல்' என்று கண்டவர் வாசிப்புப் பாடம் என்றே புரட்டுவார். 'கிட்டார் மீட்பு' என்றால் கிணற்றில் விழுந்த கிட்டாரைத் தீயணைப்புத் துறையினர் தூக்கியது போல் இருக்கிறது. 'சீரமைப்பு' எல்லாருக்கும் புரியும். அதில் என்ன குறை?

*

குறை உண்டு. அந்தக் கிட்டாரில் எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேரும் மூன்று நிலைச் சாவியை (சுவிட்சை) கழற்றி, 1977இல்தான் ஆலையிலேயே வரத் தொடங்கிய ஐந்து நிலைச் சாவியைப் பொருத்துவதும் சீரமைப்பு என்றே சொல்லப்படும். உண்மையில் அது மாற்றியமைத்தல். பின்னொருவர் அதை எடுத்துவிட்டு மூன்று நிலைச் சாவியையே திரும்ப வைத்தால் அதுதான் மீட்டல். மேலும், இரு மீட்டலுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. விரலால் விலக்கப்பட்ட நரம்பு தன் இடத்துக்கு மீள்வதால்தான் அது மீட்டுதல். உருக்கு நரம்பு அப்படி விலகி மீளும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆகவே மின்கிட்டாருக்கு இச்சொல் இருமடங்கு உரியது.

*

அனைவருக்கும் நன்றி. வேராராய்ச்சியை மறுக்க எனக்கு நேரமில்லை. தனிமடலில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் 'மீட்டெடுத்தல்' என்பதற்கு இசைந்ததால் தலைப்பில் அதையே இட்டுவிட்டேன். நீளம் என்ற முறையீடு நியாயமானதே. படங்களுக்குள் அச்சொல்லுக்கு இடம் போதாததால், அங்கு மட்டும் தீயணைப்புத் துறையினரின் 'மீட்பு' இருக்கும்.