செம்பைப் போட்டதும் அமில நுரை உடைகிறது, உதவி தேவை

பழைய சர்க்யூட் போர்டிலிருக்கும் செம்பை ஹைட்ரோகுளோரிக் அமில நுரைக்குள் கரைக்கப் பார்க்கிறேன், நுரை நிற்க மாட்டேன் என்கிறது. இந்த அமிலம் மட்டும் செம்பைக் கரைக்காது, ஆக்சிஜனும் வேண்டும். நுரையின் மெல்லிய படலம் வழியாக அது உலோகத்தைச் சீக்கிரம் எட்டும், அமிலமும் குறைவாகப் போதும், அதனால்தான் இந்த வழியை விட மனமில்லை.

போன மாதத்திலிருந்து நடக்கிறது. கல்லூரி ஆய்வகம், ஃப்யூம் ஹூட் (புகையை வெளியே இழுக்கும் அடைப்பு), 1 மோலார் அமிலம், 30 டிகிரி, அடியிலிருந்து ஆக்சிஜன். வெறும் அமிலத்தில் நுரை நன்றாக நிற்கிறது. போர்டுத் துண்டைப் போட்டால் சில நிமிடங்களில் மேலிருந்து உடைகிறது, லேசாகப் பச்சை ஏறுவதோடு சரி.

நுரைக்கான சர்ஃபாக்டன்டாக (சோப்பு போல நுரை தரும் பொருள்) முதலில் சோடியம் டோடெசில் சல்பேட், அது அமிலத்தில் மெல்லச் சிதையும் என்பதால் அப்புறம் டிரைட்டான் எக்ஸ்-100. வாயு ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தும், துண்டை அசிட்டோனில் கழுவியும் பார்த்தாயிற்று.

அமிலத்தையும் செம்பு அயனியையும் தாங்கி நுரையை நிறுத்துகிற, எளிதில் கிடைக்கிற சர்ஃபாக்டன்ட் எது?