பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு வகை) கையைக் கவ்வுது, வளர்க்கிறவங்க வழி சொல்லுங்க (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். தம்பி வளர்க்கிற பால் பைத்தான் கொஞ்ச நாளா கையை உள்ளே விட்டாலே பாயுது. வெளிநாட்டு உயிரினங்களை வளர்க்கிறவங்க பதிவு பண்ணணும்னு வந்த 2024 விதிப்படி, ஒன்றிய அரசோட பரிவேஷ் இணையதளத்தில் பதிவு பண்ணினதுதான், அதனால வனத்துறை விவாதம் வேண்டாம். (நம்ம ஊர்ப் பாம்பை வீட்டில் வைக்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது வேற.)

விஷம் கிடையாது. ஆனா பயந்து கடிச்சா கொத்திட்டு உடனே விட்டுடுமாம். இது அப்படியில்ல, கவ்விக்கிட்டு கையைச் சுத்துது. இரைன்னு நினைக்குதுன்னுதான் தோணுது. அதோட உதட்டுக் குழிகள் சூட்டை உணரும். எலி வாசனையோட வெதுவெதுப்பான கை போனா பாவம் அது என்ன பண்ணும்!

பல் உள்பக்கமா வளைஞ்சிருக்கிறதால பிடிச்சு இழுத்தா காயம் பெருசாகும், பாம்புக்குப் பல்லும் உடையும். வாய்மேல குளிர்ந்த தண்ணி ஊத்தித்தான் விடுவிச்சோம். சோப்பு போட்டுக் கழுவி டிடி ஊசியும் போட்டாச்சு. அம்மா மட்டும் இன்னும் அந்த ரூம் பக்கமே போகல.

இப்போ கை கழுவிட்டுத்தான் தொடுறான், இரையை நீள இடுக்கியில கொடுக்கிறான், சாப்பிட்டு ரெண்டு நாள் தூக்குறதில்ல. கண் நீலம் பூத்துத் தோல் உரிக்கிற சமயமும் இல்ல.

தூக்குறதுக்கு முன்னாடி, இது இரை இல்லன்னு புரியிற மாதிரி பாம்புக் கொக்கியால மெல்லத் தட்டிப் பழக்கினவங்க இருக்கீங்களா? எவ்வளவு நாளாச்சு? கொக்கி பாண்டி, கடலூர்ல எங்க கிடைக்கும்? குரும்பாப்பேட் கால்நடைக் கல்லூரியில் பாம்பு பார்ப்பாங்களா?