புதுப்பிப்பு: சுருதிப் பெட்டியில் வந்த இரைச்சல் அடங்கிவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேன்: 40106 என்ற ஐசியில் (மின்னணுச் சில்லு) மூன்று ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் சுற்று) போட்டு, ச, ப, மேல் ச என்று சுருதிப் பெட்டி கட்டினால், குமிழைத் தொட்டாலே சுருதி ஆடுகிறது, அடியில் ஒரு 'ம்ம்ம்' வேறு. அடாப்டரை மாற்று, சால்டரைப் பார் என்றீர்கள். இரண்டும் செய்தேன், பலனில்லை.

குற்றவாளி நான்தான். அந்த ஐசிக்குள் ஆறு இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் சுற்று), ஆசிலேட்டருக்கு ஒன்று. நான் பயன்படுத்தியது மூன்று. மிச்ச மூன்றின் உள்ளீடுகளான 9, 11, 13 ஆகிய கால்களை அந்தரத்தில் விட்டிருந்தேன். சீமாஸ் (CMOS) என்ற இந்த வகை ஐசியில் அப்படி விட்டால் அவை ஆன்டெனா மாதிரி வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். மூன்று துண்டு வயர், மூன்றையும் கிரவுண்டில் (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்பு) சேர்த்தேன். ஐசிக்கு மின்சாரம் வரும் 14ஆம் காலுக்கும் கிரவுண்டான 7ஆம் காலுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. முக்கால்வாசி இரைச்சல் போச்சு. அப்புறம், சுற்றை உள்ளே வைத்திருக்கும் முறுக்கு டப்பாவின் தகரத்தையே கிரவுண்டோடு இணைத்ததும், தொட்டால் ஆடுவதும் நின்றது. (பெயின்ட்டைச் சுரண்டாமல் சால்டர் ஒட்டாது. அரை மணி நேரம் அதிலேயே போனது.)

சுருதி 2:3:4 கணக்கில் சேர்ந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "யாருடா ஒத்து ஊதறது?" என்றார். இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

ஒன்று மட்டும் பாக்கி. காலையில் சேர்த்த சுருதி, எங்கள் வேலூர் சத்துவாச்சாரி மதிய வெயிலில் விலகிவிடுகிறது. ஆசிலேட்டரில் சுருதியை நிர்ணயிக்கும் கெப்பாசிட்டர் மலிவான செராமிக், சூட்டில் அதன் மதிப்பு மாறும். பாலியெஸ்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாற்றவேண்டும்.